நன்றியுரைக்கு ஐந்து நிமிடம்

மகள் தூங்கும்போதே கிளம்பிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியே செய்தேன். செய்தது சரிதானா என்று மியூனிக் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். தலையணை மேல் என் துப்பட்டா ஒன்றை விட்டு வந்திருந்தேன். வாசனை இருந்தால் சமாதானமாவாள் என்று நினைத்துத்தான். வாசனை மட்டும் இருந்து ஆள் இல்லாவிட்டால் இன்னும் அதிகமாக அழமாட்டாளா என்பது விமானம் மேலே ஏறிய பிறகுதான் தோன்றியது.

இறங்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. சக்கரம் தொட்டபோதுதான் தரை வந்துவிட்டது தெரிந்தது. நவம்பர் மாதத்து மூடுபனி. நான் இருந்த நாட்களில் அது ஒருமுறைகூட முழுதாக விலகவில்லை. மியூனிக் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெருக்களின் பாதி, ஒரு தேவாலயத்தின் கீழ்ப்பாதி, ஒரு பாலத்தின் தொடக்கம். இவ்வளவுதான் பார்த்தேன். மீதியை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

வெளியே சுகந்தி அக்கா நின்றிருந்தார். அதுவரை நாங்கள் திரையில் மட்டுமே பேசியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே அகதியாக ஜெர்மனிக்கு வந்தவர். இந்த நகரத்தில் டிராம் ஓட்டுகிறார்.

“பவானிதானே? கேமராவில இன்னும் கொஞ்சம் உயரமாத் தெரிஞ்சனீங்கள்” என்றார். உடனே என் கழுத்தைப் பார்த்து, “சால்வை எங்க? இந்தக் குளிருக்கு அது இல்லாமல் ஏலாது” என்று தன்னுடையதைக் கழற்றிச் சுற்றிவிட்டார்.

“வேண்டாங்க்கா, உங்களுக்குக் குளிருமே.”

“எனக்குக் குளிர் பழகி முப்பது வருசமாச்சு. நீங்கள் இண்டைக்கு வந்த பிள்ளை. கதையாமல் வாங்கோ.”

ரயிலில் எங்களுக்கு எதிரே இரண்டு மூதாட்டிகள் ஒரு நாயை நடுவில் உட்கார வைத்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏதோ துக்க விஷயம் என்று நினைத்தேன். அக்கா என் காதில் மொழிபெயர்த்தார்: “நாய்க்கு வார கிழமையே டொக்டரிட்ட டெர்மின், அதுதான் பாக்கிற நேரம், கிடைச்சிட்டுதாம். தனக்கு மூண்டு மாசம் கழிச்சுத்தானாம். நாயின்ர டெர்மினுக்குத் தான் போகட்டோ எண்டு கேக்கிறா.” நான் சிரித்துவிட்டேன். மூதாட்டி திரும்பிப் பார்த்தார். அன்று மாலை வரை அவர் மனம் புண்பட்டிருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதற்காக வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

மகிழினி எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டாள். கோவையில் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சாய்ந்திருப்பேன். தினமும் காலையில் எடை பார்ப்பார்கள். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு வயதைக் கணக்கிடும் முறை வேறு, எடை கூட வேண்டிய வேகமும் வேறு. நான் கணினி நிரல் எழுதும் வேலையில் இருப்பவள். பயத்தில் கை சும்மா இருக்கவில்லை. அன்றைய எடையைப் போட்டால் பிள்ளைக்கு இது போதுமா என்று சொல்லும் சின்ன நிரல் ஒன்றைக் கைப்பேசிக்காக எழுதினேன். ஒரு காலத்தில் பொன் நிறுக்கப் பயன்பட்ட சிவப்பு விதையின் பெயரை வைத்தேன்: மஞ்சாடி.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்று இணையத்தில் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். சுகந்தி அக்காவின் இளைய மகனும் அவசரமாகப் பிறந்தவன். அவர் அதை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். யோஹான்னஸ் என்ற மியூனிக்காரர் அதைப் பழைய கைப்பேசிகளிலும் ஓடும்படி சரிசெய்து, தன் சொந்தச் செலவில் ஒரு சர்வரில் வைத்துக் காத்துவந்தார். எங்கெங்கோ இருக்கும் அம்மாக்கள் காலையில் அதைத் திறந்து பார்த்தார்கள்.

இந்த ஆண்டு யோஹான்னஸுக்கு ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. குறைமாதக் குழந்தையின் எடையை வயதுக்கேற்பத் திருத்தி ஒப்பிட்டுக் கைப்பேசியில் தெரிவிக்கும் முறைக்குத் தங்களிடம் காப்புரிமை இருக்கிறது, மாத இறுதிக்குள் மஞ்சாடியை நீக்காவிட்டால் நீதிமன்றம்தான் என்றார்கள். அதே சமயத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் காப்புரிமை பற்றிய சட்ட வரைவு ஒன்று குழு விவாதத்தில் இருந்தது. சாதாரணக் கைப்பேசியில் ஒரு நிரலை ஓடவிடுவது மட்டும் காப்புரிமை மீறல் ஆகாது என்று ஒரே ஒரு வாக்கியம் அதில் சேர வேண்டும். யோஹான்னஸும் அவருடைய நண்பர்களும் அதற்காகத்தான் அலைந்தார்கள். குழுவில் இருக்கும் உறுப்பினர் யாராவது அதைத் திருத்தமாக முன்வைத்தால் போதும், வாக்கெடுப்பு வரை மஞ்சாடியை நீக்காமல் வைத்திருக்கும் தைரியம் தனக்கு வரும் என்று அவர் எழுதியிருந்தார். மியூனிக்கில் அப்படி ஒரு உறுப்பினர் இருந்தார். பொதுமக்களைச் சந்திக்கும் நாளில் எங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். நிரலை எழுதிய அம்மாவே வந்து பேச வேண்டும் என்றார்கள். அப்படித்தான் நான் வந்தேன்.

முதல் நாள் முழுக்கத் தூக்கமும் விழிப்பும் கலந்து கிடந்தேன். அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே காப்புரிமை என்றால் என்ன என்று அவருக்கு என் வழியில் சொல்லிப் பார்த்தேன். “வாசலில் சிக்குக் கோலம் போடறோம் இல்லீங்களா? புள்ளியைச் சுற்றிக் கம்பியை வளைக்கிறது என் கண்டுபிடிப்பு, இனிமேல் யார் வளைச்சாலும் எனக்குக் கட்டணம் கட்டணும்னு ஒருத்தர் பதிவு பண்ணிட்டா எப்படி இருக்கும்?”

அக்கா சொதியை ஊற்றியபடி, “என்ர கோலத்துக்கு ஒருத்தரும் கேஸ் போடமாட்டினம். அது கோலமெண்டு முதலில நிரூபிக்கோணும்” என்றார்.

மறுநாள் மாலை யோஹான்னஸின் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நெடுநெடுவென்று உயரமான மனிதர், குனிந்து குனிந்து எல்லா நிலைவாசலையும் கடந்தார். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நம் ஊரில் போராட்டக் குழு என்றால் முதலில் குரல்தான் கேட்கும். இங்கே காகிதம் புரளும் சத்தம் மட்டும். சட்ட வரைவை ஆளுக்கொரு பத்தியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு காற்புள்ளி இருந்தால் என்ன அர்த்தம், இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று மென்மையாகச் சண்டை போட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் மென்பொருள் காப்புரிமைக்கு வழிவிடும் சட்டம் ஒன்று இதே நாடாளுமன்றத்தில் தோற்றதே, அப்போதிலிருந்து இதைச் செய்பவர்களும் அந்த மேசையில் இருந்தார்கள். ஒரு பெண்மணி பின்னிக்கொண்டே பேசினார். அவர் பின்னிய கம்பளி, விவாதம் முடிவதற்குள் ஒரு கையுறையாகிவிட்டது.

சாப்பாடு வந்தது. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி. எல்லாம் ஆறியவை. சூடாக ஏதாவது பின்னால் வரும் என்று இரண்டு துண்டோடு நிறுத்திக் காத்திருந்தேன். வரவில்லை. இரவுச் சாப்பாடே அதுதான் என்று புரிந்தபோது தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என் பேச்சு. ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். யோஹான்னஸ் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டார். முதல் பத்தி முடிவதற்குள் நிறுத்தினார்.

“இது என்ன?”

“நன்றி சொல்கிறேன். வாய்ப்புக் கொடுத்ததற்கு.”

“நன்றிக்கு இருபது வினாடி. இருபது வினாடியில் நம் வாக்கியத்தை முழுதாகச் சொல்லிவிடலாம்” என்று பென்சிலால் அந்தப் பத்தியை அடித்தார். கோபமில்லை, காய்கறியில் அழுகிய பகுதியை வெட்டுவதுபோலத்தான். “நன்றியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருந்தால்.”

தலையாட்டினேன். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பள்ளியிலும் கல்லூரியிலும் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை எனக்குத்தான் தருவார்கள். பேச்சுப் போட்டிக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. யாரையும் விடாமல் சொல்வேன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பெயர். தாளாளர் முதல் ஒலிபெருக்கி அமைத்தவர் வரை, வரிசை தவறாமல். ஒரு பெயர் விட்டுப்போனால் அன்றைக்குத் தூக்கம் வராது.

வீடு திரும்பினால் அக்கா புட்டை மூடி வைத்திருந்தார். “ரொட்டிதானே தந்தவை? எனக்குத் தெரியும்” என்றார்.

சாப்பிட்டுவிட்டுச் செந்திலை அழைத்தேன். அங்கே பின்னிரவு. என் கணவர் பேசாமல் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். மகிழினி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு தூங்கினாள். “நல்லாத்தான் இருக்கா. நீ தூங்கு” என்று கிசுகிசுத்தார். துப்பட்டா தொண்டைக்குள் போய்விடாதா என்று கேட்டேன். மெதுவாக உருவி எடுத்தார். அவள் சிணுங்கினாள். இரண்டு கண்டங்களிலும் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம்.

அடுத்த நாள் காலை காப்புரிமை அலுவலகத்துக்கு எதிரே அமைதிப் போராட்டம். ஈசார் ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது என்றார்கள். சத்தம் கேட்டது, ஆறு தெரியவில்லை. முப்பது பேர் இருப்போம். இரண்டு காவலர்கள் சைக்கிளில் வந்தார்கள். ஒரு பெண் காவலர் எங்களுக்குக் காலை வணக்கம் சொல்லி, ஒழுங்கு பார்ப்பவர் யார் என்று கேட்டார். போராட்டத்தைப் பதிவு செய்யும்போதே, கூட்டத்தைக் கவனிக்க வெள்ளைக் கைப்பட்டையோடு ஆள் வைக்கச் சொல்லியிருந்தார்களாம். அந்த வேலைக்கு வர வேண்டியவருக்குச் சளி. எல்லோரும் பதாகை பிடித்திருந்தார்கள். என் கைகள்தான் சும்மா இருந்தன. பட்டை என் கையில் ஏறியது.

கோவையில் மறியல் என்றால் பேருந்தை விட்டு இறங்கி நடந்து போகும் கூட்டத்தில்தான் நான் இருந்திருக்கிறேன். இங்கே நானே ஒழுங்குக் காவலர். சைக்கிள் பாதையில் யாரும் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கடமை. அதைச் செய்தேன். பதாகை பிடித்து நின்ற பேராசிரியர் ஒருவரின் காலணி நுனி கோட்டைத் தொட்டபோது, “மன்னிக்கவும், கொஞ்சம் பின்னால்” என்றேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார். யாரும் கோஷம் போடவில்லை. ஒவ்வொரு பதாகையிலும் ஒரு படம்: யாராவது உரிமை கொண்டாடக்கூடிய, திரையில் அன்றாடம் பார்க்கும் ஒரு குறி. கடைக்கூடை, அம்புக்குறி, மேலே ஏறும் ஒரு கோடு. பனியில் ஆட்கள் கரைந்து படங்கள் மட்டும் மிதந்தன. நான் இன்னும் விமானத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் வந்தன. டிராம். எங்களைக் கடக்கும்போது மணி அடித்தது. ஒருமுறை இல்லை, கோயில் மணிபோல விட்டுவிட்டுப் பல முறை. ஓட்டுநர் இருக்கையில் சுகந்தி அக்கா நேரே பார்த்தபடி, சிரிக்காமல், ராணிபோல் போய்க்கொண்டிருந்தார். பதாகைகள் எல்லாம் ஒருசேர உயர்ந்தன. பெண் காவலர் என்னைப் பார்த்தார். ஒழுங்கு என் பொறுப்பு என்பதால் நான் தலைகுனிந்தேன்.

மாலையில் கேட்டபோது, “தண்டவாளத்தில ஒரு புறா நிண்டது” என்றார் அக்கா. “அடிக்காட்டி அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

அதற்கடுத்த நாள்தான் அந்த ஐந்து நிமிடம்.

உறுப்பினரின் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு அடுத்த வாசல். காத்திருக்கும் அறையில் எங்களுக்கு முன்னால் தேனீ வளர்ப்பவர் ஒருவர், ஏதோ பூச்சிமருந்து பற்றிப் பேச வந்தவர். எனக்கு இடமில்லை என்று எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். ஒரு பெண் தண்ணீர் கொடுத்தார். அது சோடாபோல் வாயில் நுரைத்தது. யோஹான்னஸ் எனக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்று, தன் சட்டைக் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் பயம் என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்கானது. அந்த நிறுவனத்தின் வழக்கு வந்தால் அவர் பெயரில்தான் வரும். என் பெயரில் வராது.

உறுப்பினர் நரைத்த கிராப் வைத்த அம்மையார். மேசையில் தக்காளி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம். “எல்லோருக்கும் ஒரே நேரம். இது ஒலித்தால் நானும் நிறுத்திவிடுவேன்” என்று சிரித்தபடி அதைத் திருகி வைத்தார். திருத்தங்களைத் தர மறுநாள் நண்பகல்தான் கடைசி என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எழுந்து நின்றேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. உட்கார்ந்தால் இன்னும் அசிங்கம் என்று நின்றேன். மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் எங்கோ போய்விட்டது. அந்த வெற்றிடத்தில், பதினைந்து வருடமாக மேடையில் செய்த ஒரே வேலையை என் வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

“முதலில், இந்த வாய்ப்பை வழங்கிய உறுப்பினர் அவர்களுக்கு நன்றி. தண்ணீர் தந்த அவருடைய உதவியாளருக்கு நன்றி. தன் நாற்காலியைத் தந்த தேனீ வளர்ப்பவருக்கு நன்றி.”

நிறுத்து, நிறுத்து என்று உள்ளே ஒரு குரல். ஆனால் நன்றியுரையைப் பாதியில் நிறுத்தினால் மீதிப் பேரை அவமதித்ததாகிவிடாதா? ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்தேன்.

“எடை வளர்ச்சி அட்டவணையை இலவசமாகக் கொடுத்த மருத்துவருக்கு நன்றி. என் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஈஸ்வரிக்கு நன்றி. நான் முதலில் கோட்டுப் படம்தான் வரைந்து காட்டினேன். ‘ஏங் கண்ணு, இந்த மேடு பள்ளமெல்லாம் எனக்கெதுக்கு? போதுமா போதாதா, அத மட்டும் சொல்லச் சொல்லு’ என்று அவர்தான் கேட்டார். மஞ்சாடி இன்று சொல்வது அது மட்டும்தான். போர்ச்சுகலில் இருந்து ஒருவர், நாங்கள் பார்த்தே இராதவர், மாதக் கடைசியில் பிறந்த குழந்தைகளுக்குத் தேதி தவறுவதைச் சரிசெய்தார். அவருக்கு நன்றி. லைப்சிக்கில் படிக்கும் ஒரு மாணவி இரட்டைக் குழந்தைகளைச் சேர்த்தார். ஹாலேயில் பழைய தமிழ்க் கடிதங்களை ஆராயும் ஒரு நண்பர், ‘எச்சரிக்கை’ என்று போட்டால் தாய்மார் நடுங்கிப்போவார்கள், ‘மருத்துவரை ஒரு வார்த்தை கேளுங்கள்’ என்று மாற்றுங்கள் என்றார். மாற்றினோம். சுகந்தி அக்கா டிராம் பணிமனையில் தேநீர் இடைவேளைகளில் முழுதையும் ஜெர்மனில் எழுதினார். என் கணவர் செந்தில், நான் எழுதும்போது மகளை…”

தக்காளி ஒலித்தது.

வாக்கியம் சொல்லப்படவில்லை. காப்புரிமை என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. அம்மையார் தக்காளியை அணைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“இத்தனை பேரில்,” என்று கேட்டார், “இதைக் கண்டுபிடித்தவர் யார்?”

நான் விரல்களை மடக்கிப் பார்த்தேன். அவர் கேட்டது காதில் விழுந்தது, ஆனால் என் மனம் வேறொன்றில் சிக்கியிருந்தது. ஒரு விரல் மடங்காமல் நின்றது.

“மன்னிக்கவும்,” என்றேன், “ஒருவரை விட்டுவிட்டேன். யார் என்று நினைவு வரவில்லை.”

யோஹான்னஸ் வாக்கியம் எழுதிய தாளை மேசையில் வைத்தார். “வாசிக்கிறேன்” என்றார் அம்மையார். அடுத்தவர் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே யோஹான்னஸ் சைக்கிள் பூட்டைத் திறந்தார். பூட்டு உறைந்து சிரமப்படுத்தியது.

“நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை” என்றார்.

“தெரியும்.”

தலையாட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு பனிக்குள் போனார். முதலில் சக்கரங்கள் மறைந்தன, பிறகு அந்த நீள முதுகு. திட்டியிருக்கலாம். செந்திலாக இருந்தால் ஒரு வார்த்தை திட்டியிருப்பார், எனக்கும் அழுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

அக்காவிடம் சொன்னேன். “ஐஞ்சு நிமிசமும் நன்றியோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “என்ர பேரும் சொன்னனீங்களோ?” என்றார். ஆமாம் என்றேன். “பணிமனையில தேத்தண்ணி குடிக்கேக்க எழுதினது எண்டுமோ? ஐயோ, என்ர மேலதிகாரி அந்த அம்மாவின்ர கட்சி.” சிரித்தார். நான் அழுதேன். அவர் முதுகைத் தடவினார். “பிள்ளை, நான் இஞ்ச வந்த காலத்தில அகதி அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், விசாரிச்ச ஒபிசில, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த மனுசன்ர மேசையில நிண்ட பூங்கண்டு வாடுது எண்டு சொன்னனான். அவர் எழும்பித் தண்ணி விட்டவர். என்னத்துக்கு என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? சாப்பிடுங்கோ.”

கிளம்பும் நாளில் அக்காவுக்கு வேலை. நானே போய்க்கொள்வேன் என்றேன். பயத்தில் தேவைக்கு மிகமிக முன்பாகவே கிளம்பினேன். புறநகர் ரயிலில் ஜன்னல் ஓரம். வெள்ளை வயல்கள், அல்லது வயல்கள் என்று நான் நினைத்துக்கொண்ட வெள்ளை. மஞ்சாடியைத் திறந்தேன். யாரோ ஓர் அம்மா இன்று காலை எடையைப் போட்டிருப்பாள். அடுத்த மாதம் திறந்தால் வெறும் திரை வரும். ஈஸ்வரி இருந்தால் கேட்பார்: போதுமா, போதாதா?

ஒரு நிலையத்தில் ரயில் நெடுநேரம் நின்றது. ஏதோ அறிவித்தார்கள். எனக்குப் புரியவில்லை. பிறகு நகர்ந்தது. ரயில் பெட்டியில் பயணப் பெட்டியோடு ஒருவரும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பள்ளிப் பைகளும் காய்கறிப் பைகளும்தான் இருந்தன. எதிரில் இருந்தவரிடம் “விமான நிலையம்?” என்றேன். அவர் இரக்கத்தோடு கையால் காற்றை இரண்டாக வெட்டிக் காட்டினார். அந்த நிலையத்தில் ரயிலையே இரண்டாகப் பிரித்துவிடுவார்களாம். ஒரு பாதி விமான நிலையத்துக்கு. நான் இருந்தது மற்றப் பாதியில்.

ஃப்ரைசிங் என்ற ஊரில் இறங்கினேன். நடைமேடையில் நானும் என் பெட்டியும் பனியும். அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். செந்தில் அழைத்தார். மகிழினி விழித்திருந்தாள். கைப்பேசியைச் சுற்றிக் காட்டினேன். “பால்” என்றாள். உலகம் முழுக்கப் பால் கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்திருப்பாள். “அம்மா எங்க இருக்கா சொல்லு?” என்று செந்தில் கேட்டதும், “பால்ல” என்றாள்.

அவர்கள் போன பிறகு திரையில் ஒரு செய்தி வந்திருந்தது. யோஹான்னஸிடமிருந்து. படம் ஒன்று மட்டும். அச்சடித்த ஜெர்மன் பக்கம், அதன் கீழே அவருடைய மொழிபெயர்ப்பு. அம்மையார் திருத்தத்தை முன்வைத்துவிட்டார். எங்கள் வாக்கியம், ஒரு காற்புள்ளி மட்டும் மாறி, அப்படியே இருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. அதில் இவ்வளவுதான்: ‘இத்தகைய நிரல் ஒன்றைக் கண்டுபிடித்தவர் யார் என்று அதை எழுதியவரிடம் கேட்டேன். விட்டுப்போன இன்னொரு பெயருக்காக அவர் மன்னிப்புக் கேட்டார்.’

நின்றபடி மூன்று முறை படித்தேன். வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. தோற்கவும் கூடும். ஆனால் அடுத்த செய்தியில் அவர், “மஞ்சாடியை நீக்கப்போவதில்லை. காத்திருப்போம்” என்று எழுதியிருந்தார்.

அந்த எழுத்துகளுக்கு மேலே அவர் பெயர் இருந்தது. யோஹான்னஸ். மடங்காத விரல் அப்போதுதான் மடங்கியது. தேனீ வளர்ப்பவர் வரை சொல்லியிருக்கிறேன். பழைய கைப்பேசிகளில் அதை ஓட வைத்து, தன் செலவில் காத்து, தன் பெயரில் வழக்கு வருமென்று தெரிந்தும் எனக்குப் பக்கத்தில் நின்ற மனிதரை விட்டுவிட்டேன். அவர் அப்படிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது இதற்காகத்தான் இருக்கும் என்று முகமெல்லாம் சூடானது.

உடனே எழுதினேன்: “நேற்று நான் விட்டது உங்கள் பெயரை. என்னை மன்னியுங்கள்.”

பதில் வந்தது: “நல்லதாகப் போயிற்று. இருபது வினாடி மிச்சம்.”

திரும்பும் ரயில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. பிறகு, ரயில் பிரியும் அந்த நிலையத்தில் வண்டி மாறி ஏறினேன். இம்முறை விடவில்லை. கதவருகே நின்றவரிடம், “விமான நிலையம்தானே?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். அடுத்த இருக்கையில் இருந்த பெண்ணிடமும் கேட்டேன். அவரும் ஆமாம் என்றார். ஜன்னலோரம் பெட்டியைக் கால்களுக்கிடையே வைத்திருந்த முதியவர், கேட்காமலேயே தலையாட்டினார்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னேன். நேரம் இருந்தது.